போர்ச்சில் நிற்கும் பழைய கார்: பேட்டரிக்கு எந்த வழி நல்லது?

பினாங்கில் ஜெலுத்தோங்கோ பாயான் பாருவோ, எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டுப் போர்ச்சில் துணி போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். மோரிஸ் மைனர், டாட்சன் 120ஒய், வோல்க்ஸ்வேகன் பீட்டில்; கொஞ்சம் இளசு என்றால் முதல் வரிசை புரோட்டோன் சாகா. 1985இல் வந்த சாகாவுக்கே நாற்பது வயது தாண்டிவிட்டது. வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது. இது மாதத்தில் ஒன்றிரண்டு முறைதான் வெளியே வரும். அப்படி ஆசையாக எடுக்க நினைக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் பேட்டரி கையை விரிக்கும்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் ஓட விடு என்பார் ஒருவர். சார்ஜரை மாட்டிவிட்டு மறந்துவிடு என்பார் இன்னொருவர். சோலார் தகடு, பேட்டரியைக் காரிலிருந்து துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்ச், பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் வைப்பது என்று பட்டியல் நீளும். இணையத்தில் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது இங்கிலாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் எழுதியது. பனிக்காலம் முழுவதும் காரைக் கராஜில் பூட்டி வைப்பவர்களுக்கு அது சரி. நமக்கு ஆண்டு முழுக்க ஒரே பருவம்தான்: வெக்கை, நடுநடுவே அடைமழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலரும் எடுத்த எடுப்பில் சார்ஜரில் போய்க் காசைக் கொட்டுகிறார்கள். அதற்கு முன் வாங்க வேண்டியது ஒரு கட் ஆஃப் சுவிட்ச். அதற்கும் முன்னால், கார் சும்மா நிற்கும்போது கரண்ட் எங்கே போகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு எண் தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேசுவதில் பயனில்லை.

ஈய அமில பேட்டரி எதிலும் மாட்டாமல் தனியாகக் கிடந்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இங்கிலாந்தில் 10 டிகிரிக் குளிரில் நிற்கும் காரோடு இங்கே 30 டிகிரியில் நிற்கும் காரை ஒப்பிட்டால், நம் பேட்டரி நான்கு மடங்கு வேகமாக இறங்குகிறது என்று கணக்கு. தகரக் கூரை போட்ட போர்ச் என்றால் மதியத்தில் இன்னும் மோசம். ஆனாலும் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. இப்போது கடைகளில் கிடைக்கும், தகட்டு ஈயத்தில் கால்சியம் கலந்த வகை பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், நம் வெயிலிலும் மாதத்துக்கு ஐந்து விழுக்காட்டை ஒட்டித்தான் தானாக இழக்கும். ஆன்டிமனி கலந்த பழைய வகை இதைவிட நிறையவே இழக்கும்.

பேட்டரியைக் கொல்வது, இறங்கிய நிலையிலேயே அது கிடப்பதுதான். இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் இறுகிக் கட்டி தட்டிப்போகும். அப்புறம் எந்த சார்ஜரைக் கொண்டுவந்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. வெக்கை இதையும் வேகப்படுத்தும். மீட்டரில் 12.6, 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால்வாசிதான் மிச்சம். 12.4க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், நாம் பேசப்போகும் எல்லா வழிகளும் அதற்காகத்தான். ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஓர் இரவு ஆற விட்டுக் காலையில் அளக்க வேண்டும்.

அளப்பது பெரிய வித்தையில்லை. பக்கத்து வீட்டு அங்கிளிடம் ஒரு 120ஒய் இருக்கிறது. "பேட்டரி தரமே இப்பல்லாம் சரியில்ல தம்பி, வாங்குனா வருஷம் தாங்க மாட்டேங்குது" என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தோம். கதவுகள் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்விளக்கு கணக்கைக் கெடுத்துவிடும். மீட்டர் நடுவில் இருக்கும்வரை சாவியைத் தொடவே கூடாது; ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட் மீட்டரின் ஃபியூஸைப் பறக்க விட்டுவிடும். முதலில் எண் எகிறியது, அலாரம் அடங்கியதும் 28 மில்லி ஆம்பியரில் வந்து நின்றது. ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கினோம், 22. அலாரத்தின் ஃபியூஸையும் பிடுங்கினோம், பூஜ்யம்.

28 மில்லி ஆம்பியர் என்றால் கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். ஒரு நாளைக்கு 0.67 ஆம்பியர் மணி. முப்பது நாளைக்கு 20. அந்தக் காரில் இருப்பது என்எஸ் 40 என்ற சின்ன அளவு பேட்டரி, அதன் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் மணிதான். ஒரு மாதம் எடுக்காமல் விட்டால் பாதிக்கு மேல் காலி. பேட்டரி தானாக இழப்பது அதே மாதத்தில் இரண்டு ஆம்பியர் மணிகூட வராது. தரம் கெட்டுப்போனது பேட்டரியில் இல்லை, முந்தைய சொந்தக்காரர் எப்போதோ மாட்டிய அலாரத்தில் இருந்தது. கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருந்திருந்தால் கடிகாரத்தைத் தவிர எதுவும் இழுத்திருக்காது. நம் ஊரில் கார் திருட்டுக்குப் பயந்து அலாரம், இம்மொபிலைசர், ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ்கேம் என்று பழைய காரிலும் ஏற்றிவிடுகிறோம். ஒவ்வொன்றும் உறங்கும்போதும் கொஞ்சம் குடிக்கும்.

இனி வழிகளுக்கு வருவோம். முதலில், எல்லாரும் சொல்கிற அந்தப் பத்து நிமிட வைத்தியம். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமானது இதுதான்.

ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி காலியாகிறது என்ற பயம் தேவையில்லாதது. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுத்து மூன்று விநாடியில் இன்ஜின் பிடித்துக்கொண்டால், செலவு 0.17 ஆம்பியர் மணி மட்டுமே. சிக்கல் என்னவென்றால், ஐட்லிங்கில் அதைக்கூடத் திருப்பித் தர முடியாத கார்கள் இருக்கின்றன. 1960களின் பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரிக்குக் கரண்ட் தர ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் சுற்றும்போது அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருப்பது அதைத்தான் சொல்கிறது. அந்த நேரத்தில் இக்னிஷன் காயில் மூன்று நான்கு ஆம்பியரைப் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும். ஆக, பேட்டரிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதையே கறந்துகொண்டிருப்போம். பேட்டரியைத் தாண்டியும் கேடு உண்டு. சோக் இழுத்த குளிர்ந்த இன்ஜினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி எண்ணெயில் கலக்கும். சைலன்சர் காயுமளவுக்குச் சூடாகாததால் உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். பழைய மாடலுக்குப் புது சைலன்சர் தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உருப்படியாக ஓட்டுவது வேறு கதை. மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினால் பிரேக், டயர், கிளட்ச், ஆயில் சீல் எல்லாவற்றுக்கும் நல்லது. எந்தச் சார்ஜரும் அதைச் செய்யாது. பினாங்கில் இதற்கு வழிக்கா பஞ்சம்? ஜெலுத்தோங் கடலோரத்து எக்ஸ்பிரஸ்வேயில் பிடித்து, பாயான் லெப்பாஸ் வழியாக இறங்கி, 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தில் பத்து காவான் வரை போய்விட்டு, திரும்பும்போது பழைய பாலத்தில் வரலாம். இரண்டு பாலத்திலும் டைனமோ விரும்புகிற வேகம் கிடைக்கும். சாயங்கால நெரிசலில் கொம்தாரைச் சுற்றுவதை ஓட்டம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு ஊர்ந்தால் டைனமோ கார் நட்டத்தில்தான் வீடு திரும்பும்.

ஆனால் ஓட்டம் மட்டுமே போதும் என்றும் நம்ப வேண்டாம். பாதிக்கு இறங்கிய பேட்டரியை ஒரு மணி நேர ஓட்டம் நிறைத்துவிடாது. முதல் முக்கால்வாசி சீக்கிரம் ஏறும், மிச்சக் கால்வாசி மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். தே தாரே ஊற்றும்போது கடைசி விரலகலம் நுரை அடங்கினால்தான் ஏறும் அல்லவா, அந்த மாதிரி. அந்தக் கடைசிப் பகுதி நிறையாமலே ஓடிக்கொண்டிருக்கும் பேட்டரியில்தான் சல்பேட் சத்தமில்லாமல் சேரும். ஆக, ஓட்டுகிறவர்களும் அவ்வப்போது ஓர் இரவு சார்ஜரில் போட வேண்டியிருக்கும்.

கட் ஆஃப் சுவிட்ச். ஹார்ட்வேர் கடையிலும் கார் சாமான் கடையிலும் சில பத்து வெள்ளிக்குள் கிடைக்கும். பேட்டரி முனையிலேயே மாட்டுகிற மாதிரி பித்தளையில் வரும். பச்சைத் திருகு வைத்தது ஒன்று, கத்தி மாதிரி மடக்குவது ஒன்று. எனக்குத் திருகு வகை பிடிக்காது. ஒவ்வொரு முறையும் இறுக்கும் அளவு மாறும், சரியாக இறுகாவிட்டால் ஸ்டார்ட் செய்யும்போது சூடேறும். கத்தி வகையில் போட்டது போட்டபடி நிற்கும். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருப்பதாக எடுங்கள். எர்த் பக்கத்து முனையில், அதாவது காரின் பாடியோடு இணைந்த முனையில் மாட்ட வேண்டும். கேபிளைக் கழற்றும்போதும் எர்த் பக்கம்தான் முதலில், மாட்டும்போது அது கடைசியில். ஸ்பானர் தப்பி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. அலாரத்துக்குள் தனி பேட்டரி இருந்தால், சுவிட்சை மடக்கிய நொடியில் தெருவே எழுந்துவிடும். முதலில் அலாரத்தை அணைத்துவிட்டு மடக்குங்கள்.

அங்கிளின் 120ஒய்க்கு அதைத்தான் போட்டோம். சுவிட்ச் மடங்கியிருக்கும்போது காரின் இழப்பு பூஜ்யம். மிஞ்சுவது பேட்டரி தானாக இழக்கும் கொஞ்சம்தான், மாதத்துக்கு ஓர் இரவு சாதாரண சார்ஜரில் போட்டாலே அது சரியாகிவிடும். ஒரு நட்டமும் இருக்கிறது: ரேடியோ நிலையங்கள் மறந்துபோகும், கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் திருப்பி வைக்க வேண்டும், அலாரமும் வேலை செய்யாது. சங்கிலிக் கேட்டுக்கும் நாய்க்கும் பின்னால் நிற்கிற காருக்கு அலாரம் எதற்கு என்பது என் கேள்வி. திறந்த இடத்தில் நிறுத்துகிறவர்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

இப்போது சார்ஜர்கள். கடையில் எல்லாவற்றையும் சார்ஜர் என்றுதான் சொல்வார்கள், ஆனால் உள்ளே இரண்டு வேறு ஜாதி. பட்டறைகளில் பார்க்கிற, ஊசி முள் ஆடுகிற, ட்ரான்ஸ்ஃபார்மர் முனகுகிற பழைய வகைக்குப் பேட்டரி நிறைந்துவிட்டது என்று தெரியாது. தள்ளிக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரிக்குள் போகும் கரண்ட் முழுவதும் தண்ணீரைப் பிரிப்பதில்தான் செலவாகும். ஒரு ஆம்பியர் விடாமல் ஓடினால் ஒரு நாளில் பேட்டரியின் ஒவ்வோர் அறையிலும் (செல்) சுமார் 8 மில்லிலிட்டர் தண்ணீர் போகும். இரண்டு வாரம் மறந்துவிட்டால் தகடுகள் தலையை வெளியே நீட்டிவிடும். அதில் வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். நம் போர்ச் திறந்தது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும்; கதவும் ஜன்னலும் அடைத்த கராஜுக்கு இது நினைவில் இருக்கட்டும். ஆனாலும் இந்தப் பழைய சார்ஜரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அடியோடு இறங்கிப்போன பேட்டரியைப் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் அடையாளமே கண்டுகொள்ளாமல் மறுத்துவிடும். அப்போது கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று இதில் உயிர் கொடுத்துவிட்டு, அப்புறம் ஸ்மார்ட் சார்ஜருக்கு மாற்றலாம்.

ஸ்மார்ட் வகை என்பது நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொண்டு, 13.6 வோல்ட்டை ஒட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகை. சுவீடன் நாட்டு சிடெக், அமெரிக்க நோகோ இரண்டும் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றன. மாடலைப் பொறுத்து, ஒரு புது பேட்டரி வாங்குகிற காசோ அதற்கு இரண்டு மடங்கோ ஆகும். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். நிறைந்த பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கும்போது சில வாட்தான் எடுக்கும், மாதத்துக்கு ஒன்றிரண்டு வெள்ளி.

இந்த வகையில் நம் ஊருக்கென்று பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. முதலாவது வெக்கை. 13.6 வோல்ட் என்பது 25 டிகிரிக்குப் போட்ட கணக்கு. வெப்பம் ஏற ஏற, ஒரு டிகிரிக்கு 20 மில்லி வோல்ட் அளவில் இதைக் குறைக்க வேண்டும். 35 டிகிரிப் போர்ச்சில் 13.4 போதும். வெப்பத்தைப் பார்த்து தானே சரிசெய்துகொள்ளும் வசதி உள்ள மாடலா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0இல் அது இருக்கிறது. அந்த வசதி இல்லாததை மாதக்கணக்கில் மாட்டியே வைத்தால், மூடி திறக்கக்கூடிய பேட்டரியில் தண்ணீர் அளவை அடிக்கடி பார்த்து, பேட்டரித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

அடுத்தது இடி. மாலை மழையில் ஒரு மின்னல் வெட்டினால் வீட்டு மெயின் டிரிப் ஆவது இங்கே சாதாரணம். கரண்ட் திரும்பி வந்ததும் சில சார்ஜர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில, பட்டனை அழுத்தும்வரை சும்மா நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தப் புத்தகமும் வேண்டாம். வாங்கிய அன்றே மாட்டி, சுவரில் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். விளக்கு தானாகத் திரும்பி வரவில்லை என்றால், ஊருக்குப் போகும் நாட்களில் அதை நம்பி விட்டுவிட்டுப் போக முடியாது. போர்ச்சில் பிளக் இல்லாத வீடுகளில் கதவிடுக்கு வழியாக எக்ஸ்டென்ஷன் இழுக்கிறோம். சாரல் படும் தரையில் அந்தப் பெட்டியைப் போட்டு வைக்காமல் ஆணியடித்துச் சுவரில் ஏற்றிவிடுங்கள். இன்னும் நல்லது, ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு மூடி வைத்த வெளிப்புற பிளக் ஒன்று போட்டுக்கொள்வது. வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு உருளைப் பின் வைத்த ஐரோப்பிய மாடலை வாங்கி, அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டுகிற வேலையெல்லாம் மாதக்கணக்கில் எரியும் பொருளுக்கு ஆகாது. சிரிம் தர முத்திரையோடு, நம் மூன்று பின் பிளக்கோடு வாங்குங்கள்.

அப்புறம், பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். மோரிஸ் மைனர், ஆஸ்டின், தொடக்க கால மினி என்று 1960களின் கடைசி வரை வந்த பல கார்கள் பாசிட்டிவ் எர்த். அதாவது பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. சார்ஜர் கையேட்டில் 'கறுப்புக் கிளிப்பைப் பாடியில் மாட்டவும்' என்று போட்டிருந்தால் இந்தக் கார்களில் அப்படிச் செய்யக் கூடாது. சிவப்பு பாசிட்டிவ் முனையில், கறுப்பு நெகட்டிவ் முனையில், நேராகப் பேட்டரியிலேயே மாட்டிவிட்டால் எந்தக் குழப்பமும் இல்லை.

ஆனால் இதற்குள் நுட்பமான ஒரு பொறி இருக்கிறது, பட்டறை ஃபோர்மேன்களிலேயே பலர் கவனிப்பதில்லை. சார்ஜரோடு, பேட்டரியில் நிரந்தரமாக மாட்டி வைக்க வளையம் வைத்த குட்டி வயர் ஒன்று கொடுப்பார்கள். அதில் ஃபியூஸ் வழக்கமாகச் சிவப்பு வயரில் இருக்கும். சாதாரணக் காரில் அது சரி, சிவப்பு வயர் உராய்ந்து பாடியில் பட்டால் ஃபியூஸ் போய்விடும். பாசிட்டிவ் எர்த் காரில் சிவப்பு வயர் பாடியில் பட்டால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இரண்டும் ஏற்கெனவே ஒன்றுதான். ஆபத்து கறுப்பில். அது உராய்ந்து பாடியில் பட்டால் முழு பேட்டரியும் அந்த ஒல்லி வயர் வழியாகப் பாயும், நடுவில் ஃபியூஸே இல்லை. கறுப்பு வயரில், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் ஹோல்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வெள்ளி வேலை.

பீட்டில்காரர்களுக்கு வேறு தலைவலி. பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். கனமானவர் யாராவது உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் இறங்கி முனையைத் தொட்டு, திணிப்பு புகைந்து, கார் எரிந்த கதைகள் உலகெங்கும் உண்டு. பேட்டரிக்கு மூடி இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். கட் ஆஃப் சுவிட்ச் வைப்பதானால் அதன் உயரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய பீட்டில் என்றால் 6 வோல்ட். பெரும்பாலான சார்ஜர்கள் 12க்கு மட்டும்தான். சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0 ஆகாது, நோகோ ஜீனியஸ் 1 இரண்டுக்கும் ஆகும்.

சோலாரைப் பற்றி நண்பர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள், இவ்வளவு வெயில் இருக்கிறதே என்று. கணக்குப்படி பார்த்தால் நியாயமான ஆசைதான். 10 வாட் தகடு நேர் வெயிலில் அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் தரும். நல்ல வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் இரண்டு ஆம்பியர் மணி. அங்கிளின் அலாரமும் ரேடியோவும் குடிக்கிற 0.67ஐக் கொடுத்துவிட்டு மிச்சமும் இருக்கும். ஆனால் போர்ச்சுக்குள் நிற்கிற காருக்கு வெயில் எங்கிருந்து வரும்? டாஷ்போர்டில் வைக்கிற குட்டித் தகடு நிழலில் பொம்மைதான். கூரை மேல் வைத்து வயர் இறக்கினால் வேலை செய்யும். அப்போது நடுவில் ஒரு கன்ட்ரோலர் கட்டாயம், ஏனென்றால் 12 வோல்ட் என்று விற்கிற தகடு சுமை இல்லாதபோது 20 வோல்ட்டுக்கு மேலேயும் காட்டும். கன்ட்ரோலர் இல்லாத மலிவுத் தகட்டில் இரவில் கரண்ட் பின்னோக்கிக் கசியாமல் தடுக்க டயோடாவது இருக்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகிவிடலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். பல பழைய கார்களில் அந்தத் துளையே இல்லை, இருக்கிற பலவற்றிலும் சாவி போட்டால்தான் அது பேட்டரியோடு இணையும். பிளக்குக்கு வழியே இல்லாமல், கூரை மட்டும் சொந்தமாக இருப்பவருக்கு சோலார் நல்ல வழி. மற்றவர்களுக்கு அதைவிட மலிவான வழிகள் இருக்கின்றன.

கோலாலம்பூரில் கொண்டோவில் இருப்பவர்களுக்குக் கூரையும் இல்லை, பிளக்கும் இல்லை. பேஸ்மென்ட்டில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் கண்ணில் பட்டாலும் அது துப்புரவு வேலைக்கு. நிர்வாகம் அனுமதி தராது. இவர்களுக்குக் கட் ஆஃப் சுவிட்சோடு, மாதம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றி லிஃப்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஓர் இரவு சார்ஜ் போடுவதுதான் நடைமுறை. என்எஸ் 40 பத்து கிலோவை ஒட்டித்தான் வரும், பெரிய மெர்சிடிஸ், வோல்வோ பேட்டரி என்றால் முதுகைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். அமிலம் சிந்தாமல் இருக்க அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்கையறையில் வைக்காமல், பால்கனியிலோ ஜன்னல் திறந்த சமையல்கட்டு ஓரத்திலோ வைத்து சார்ஜ் போடுங்கள். சிமெண்டுத் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும், பலகை மேல் வை என்று பெரியவர்கள் சொல்வது ரப்பர், மரப்பெட்டிக் காலத்தில் சரியாக இருந்தது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை.

தூக்கிச் சுமக்க முடியாதவர்கள் இப்போது கேம்பிங்குக்கு விற்கிற லித்தியம் பவர் ஸ்டேஷனைக் கீழே கொண்டுபோய், அதில் சார்ஜரைச் செருகிவிடுகிறார்கள். கால்வாசி இறங்கிய என்எஸ் 40ஐ நிறைக்க, சேதாரம் போக, 150 வாட் மணி அளவு போதும். இதற்காக மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அருமையான வழி. கைக்கு அடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி இதற்கு மாற்றில்லை. அது இறங்கிய பேட்டரியை நிறைக்காது, அன்றைக்கு மட்டும் காரைக் கிளப்பிவிடும். அதை வாங்கினாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள், வீட்டுக்குள் இருக்கட்டும்.

எப்போதும் மாட்டியே வைக்கிற ஸ்மார்ட் சார்ஜர் எனக்குத் தேவையா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. அலாரமோ டிராக்கரோ அணைக்கவே கூடாத நிலையா? இரண்டு மூன்று மாதம் சேர்ந்தாற்போல் ஊரில் இருக்க மாட்டீர்களா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் வாங்குங்கள், கொஞ்சம் நல்லதாகவே வாங்குங்கள். விலை கூடிய ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய வகை) போட்டிருப்பவர்களும் அந்த வகைக்கான அமைப்பு உள்ள ஸ்மார்ட் சார்ஜரோடு இருப்பதே மேல்; பழைய சார்ஜர் தள்ளுகிற அதிக வோல்ட்டில் அது காய்ந்துபோகும், திறந்து தண்ணீர் ஊற்றவும் முடியாது. இரண்டுக்கும் இல்லை என்றால் சுவிட்ச், மாதம் ஓர் இரவு சார்ஜ், முடிந்தபோதெல்லாம் பாலம் வரை ஓர் ஓட்டம். மிச்சக் காசுக்குப் புது ரேடியேட்டர் ஹோஸ் வாங்கிப் போடலாம், அதுவும் எப்படியும் வெடித்திருக்கும்.

இதெல்லாம் செய்வதற்கு முன் இப்போதைய பேட்டரி பிழைக்கக் கூடியதா என்று பார்த்துவிடுங்கள். ஓர் இரவு முழுக்க சார்ஜ் போட்டு, கழற்றி, இன்னோர் இரவு விட்டு, காலையில் அளந்தால் 12.6 இருக்க வேண்டும். 12.3இல் நின்றால் அதன் காலம் முடிந்தது. எத்தனை நூறு வெள்ளி சார்ஜரை மாட்டினாலும் அந்த எண் மாறாது. புதிதாக வாங்கும்போது பெட்டி மேல் குத்தியிருக்கும் தயாரிப்புத் தேதியைக் கேட்டுப் பாருங்கள். கடை அலமாரியில் ஆறு மாதம் வெக்கையில் உட்கார்ந்திருந்த பேட்டரியைக் 'புதுசு' என்று தந்தால், "தவுக்கே, பின்னால இருக்குறத எடுங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.